பனி உருளையில் கோடைகளை எண்ணுகிறேன்

மார்ச் 4, 2024

கோவா. வெளியே வியர்வை ஊற்றுகிறது, குளிர் அறைக்குள் மைனஸ் 20 டிகிரி. அண்டார்டிகாவில் குயின் மாட் லேண்டின் கடலோரத்தில் துளைத்தெடுத்த பனி உருளையை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்தோம். அறுக்கும் முன் ஒவ்வொரு உருளையையும் அளந்து எடை போட வேண்டும். மேல்பனி பொலபொலவென்றிருக்கும், ஆழம் போகப் போக இறுகும். அடர்த்தி தெரியாவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் பனி எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவே முடியாது.

மார்ச் 7

புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "எல்லாம் தண்ணீர்தானே அக்கா, இதில் கோடை எது, குளிர்காலம் எது என்று எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை ஆக்சிஜன் உள்ள தண்ணீர் சற்றுக் கனம். மேகம் குளிரக் குளிர அதுதான் முந்திக்கொண்டு இறங்கும். துருவத்தை எட்டும்போது மேகத்தில் அது குறைந்துபோயிருக்கும். குளிர்காலத்தில் இன்னும் குறைவு. அதனால் அதன் அளவை ஆழவாரியாக வரைந்தால் கோடை ஒரு மேடு, குளிர்காலம் ஒரு பள்ளம். இந்த வழியின் முன்னோடி, டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட், 1952 ஜூனில் கோபன்ஹேகனில் பீர் பாட்டிலில் புனல் செருகித்தான் முதலில் மழையைப் பிடித்தார். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

மார்ச் 12

ஆக்சிஜன்-18 அளவுகள் வந்துவிட்டன. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை ஓர் ஆண்டு. அந்த நீளத்தை அடர்த்தியால் பெருக்கினால் அந்த ஆண்டு தங்கிய பனி, தண்ணீர்க் கணக்கில்.

ஒரே ஒரு மேடு மட்டும் அகலமாக, நடுவில் லேசான நெளிவோடு. ஒரு கோடையா, இரண்டா? ஒன்று என்று எழுதினால் அந்த ஆண்டு பனி கொட்டித் தீர்த்ததாகிவிடும்; கீழே உள்ள அத்தனை ஆண்டுகளும் ஒன்று தள்ளிப்போகும். மூன்று முறை எண்ணினேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 15

சல்பேட் அளவு கைகொடுத்தது; எரிமலை கக்கும் கந்தகம் சல்பேட்டாகிப் பனியில் படியும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்ததன் தடயம் நன்றாகத் தெரிகிறது. என் எண்ணிக்கை அங்கே ஓர் ஆண்டு குறைவு. சரி, அது இரண்டு கோடைதான். இடையிலிருந்த குளிர்காலப் பனியைக் காற்று வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நமக்கு வாய்த்தது கடலோரப் பனி, ஆண்டுக்குப் பத்துத் துண்டாவது தேறும். ரஷ்ய ஆய்வு நிலையமான வோஸ்டாக் போன்ற அண்டார்டிகாவின் உட்பகுதியில் ஓர் ஆண்டுப் பனியை உருக்கினால் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர்தான். அங்கே மேடுபள்ளம் கலைந்தே போகும்.

காற்று வாரியது அந்த ஓரிடத்தில் மட்டுமா? பக்கத்தில் எடுத்த இரண்டாவது உருளையை நாளை அறுக்கத் தொடங்குகிறோம்.