டைட்டனில் தாயம்

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

முடிவு செய்தாகிவிட்டது. மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டை வாங்கப் போவதில்லை, நானே செய்யப் போகிறேன். வெளிநாட்டுப் பொம்மைப் படை ஒரு பெட்டி, தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் என் பைக் சர்வீஸ் செலவைத் தாண்டுகிறது. அதற்கப்புறம் விதிப் புத்தகம் தனி, பெயிண்ட் தனி.

போர்க்களம் டைட்டன். சனியின் பெரிய நிலா. செவ்வாயில் எல்லாரும் சண்டை போட்டுவிட்டார்கள். டைட்டனில் பூமியைவிட அடர்த்தியான காற்று இருக்கிறது, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்குதான். கையில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதன் பறக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. குளிர் மைனஸ் 179 டிகிரி. ஏரியெல்லாம் மீத்தேன், கூழாங்கல்லெல்லாம் தண்ணீர்ப் பனிக்கட்டி. 2005 ஜனவரி 14-ஆம் தேதி ஹைகன்ஸ் கலம் இறங்கி எடுத்த படத்தில் ஆற்றுப் படுகை மாதிரி உருண்டைக் கற்கள் கிடக்கும். அந்தப் படத்தை அச்சடித்து மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா பையன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, ஃபிளேம்த்ரோவர் இருக்குமா?” இருக்காது. மீத்தேன் இருந்து என்ன, எரிய ஆக்சிஜன் வேண்டுமே. முகம் தொங்கிவிட்டது. இறக்கை உண்டு என்றதும் சரியானான்.

ஏப்ரல் 23, புதன்

அளவு 1:100. ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மாடலில் நிறுத்தும் வெள்ளைப் பிளாஸ்டிக் மனிதர்கள் இந்த அளவில் மலிவாகக் கிடைக்கிறார்கள். 1.75 மீட்டர் ஆள் 17.5 மில்லிமீட்டராக நிற்பான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம்.

இங்கேதான் முதல் சிக்கல். துப்பாக்கி 300 மீட்டர் சுடும் என்றால் 1:100-இல் மூன்று மீட்டர். என் மேசை 120 சென்டிமீட்டர். சுட்டால் குண்டு மேசையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையலறையில் அம்மாயி மேல் விழும். இதனால்தான் பொம்மைப் போர் விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு அளவு, தூரத்துக்கு ஒரு அளவு என்று பொய்க் கணக்கு வைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

டைட்டனே கை கொடுத்தது. அங்கே காற்றின் அடர்த்தி நம் ஊர்க் காற்றைப்போல நாலு மடங்குக்கும் மேல். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சீக்கிரம் குண்டின் வேகம் தேயும். 300 மீட்டர் ஏறக்குறைய 70 மீட்டராகிவிடும், மேசையில் 70 சென்டிமீட்டர். பொய் சொல்லாமலே விளையாட்டு மேசைக்குள் அடங்கிவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்குக் கண்டுபிடித்து, சொல்ல ஆளில்லாமல் இதில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

உக்கடம் பழைய இரும்புக் கடையில் எம்12 வாஷர் கை நிறைய அள்ளி வந்தேன். வெளி விட்டம் 24 மி.மீ. பொம்மை ஆளின் காலடியில் ஒட்டினால் ஃபேன் காற்றுக்கும் சாயாது. ரெண்டு ரூபாய் நாணயமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் ஒட்டியபின் செலவழிக்க முடியாதே.

பக்கத்துக்கு மூன்று குழு, குழுவுக்கு நாலு பேர். முதுகில் எம்-சீல் உருட்டி ஆக்சிஜன் சிலிண்டர், எக்ஸ்ரே பிலிம் வெட்டி இறக்கை. பதினைந்தாவது ஆளுக்குமேல் கண் எரிந்தது. மிச்சத்தைப் பையன் செய்தான், அவன் செய்தவைதான் நன்றாக இருக்கின்றன.

மே 1, வியாழன்

கம்பெனி லீவு. களம் அமைத்தேன். தெர்மாகோல் மேடுகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கரைந்துவிடும் என்று தெரியும், அதனால் முதலில் ஃபெவிகால் பூச்சு, மேலே அக்ரிலிக். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த அந்த நிறம் வர நாலு தடவை கலக்க வேண்டியிருந்தது.

டைட்டனின் மணல்மேடுகள் கருமையான ஹைட்ரோகார்பன் துகள்களால் ஆனவை. கறுப்பு மணலுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாயி ஃபில்டரைத் தட்டிக் காபிச் சக்கையைக் கொட்டப் போனார். பிடுங்கிக்கொண்டேன். ஃபெவிகால் தடவிய சன்போர்டு அட்டையில் தூவினால் அச்சு அசல் டைட்டன். வீடெல்லாம் காபி மணம்.

மே 4, ஞாயிறு

முதல் ஆட்டம். தோல்வி.

ஆறுமுகப் பகடை. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குறி, 5 அல்லது 6 விழுந்தால் காயம், எதிராளி 5 அல்லது 6 போட்டால் கவசம் காப்பாற்றும். பாதி, அதில் மூன்றில் ஒன்று, அதில் மூன்றில் இரண்டு. ஒன்பது முறை சுட்டால் ஒருத்தன் விழுவான். நாலு பேர் குழு ஒரு சுற்றில் அரை ஆளைக்கூடக் கொல்லாது. அதற்கு இத்தனை உருட்டு. நாற்பதாவது நிமிடம் பையன் போனை எடுத்தான். நானும் குறை சொல்லவில்லை, எனக்கே கொட்டாவி வந்தது.

1913-இல் எச். ஜி. வெல்ஸ் அச்சிட்ட போர் விளையாட்டு விதிகளில் சுடுவதற்குப் பகடையே கிடையாது. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே அடித்துச் சாய்க்க வேண்டும். அதையும் யோசித்தேன். இறக்கைகள் தாங்காது.

மே 5, திங்கள்

ராத்திரி அம்மாயி ஊஞ்சலில் இருந்தபடி, “என்ன கண்ணு, சோளம் பொரிக்கற மாதிரி உருட்டிட்டே இருந்தீங்க, ஒரு காயும் வெட்டுப்படலையே” என்றார். பீரோவிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து மடியில் போட்டார்.

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மே 7, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்கு. ரெண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 வழி. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. ரெண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். அதாவது 16-இல் 6 வழியில் ஆட்டம் கையிலேயே நிற்கும்.

ஒரு உருட்டின் சராசரி 3.75. ஒரு முறைக்குச் சராசரி 1.6 உருட்டு. பெருக்கினால் சரியாக 6. ஆறுமுகப் பகடையில் எத்தனை உருட்டினாலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. பெரும்பாலும் 2, 3, 4 என்று மந்தமாகப் போகும், திடீரென்று ஒருவன் 5, 12, 6, 3 என்று அடுக்கிக்கொண்டே போவான். எதிராளி பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

விழுந்த எண்களைத் தாயத்தில் போலவே பங்கு போடலாம். 5 ஒரு குழுவுக்கு, 1 வானிலிருந்து இறங்கும் கப்பலுக்கு, 3 இன்னொரு குழுவுக்கு. நகர்ந்தால் ஓர் எண்ணுக்கு 5 செ.மீ. பன்னிரண்டு விழுந்தால் பாதி மேசை பறக்கலாம். சுட்டால் 3-க்கு ஒருவன் விழுவான், 6-க்கு இருவர், 12-க்குக் குழுவே காலி. வெட்டினால் இன்னொரு ஆட்டம். மேடுதான் மலை, மலையில் நிற்பவனை வெட்ட முடியாது. கப்பல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும், தாயம் விழுந்தால்தான் இறங்கும்.

பதினான்கு பக்க விதி ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. காரணம் எளிது, மீதியெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

மே 11, ஞாயிறு

ரெண்டு ஆட்டம். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் ரெண்டு ஓட்டை.

ஒன்று: எல்லாரும் மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். யாரும் இறங்கவில்லை. தாயக் கட்டத்தில் காய் நகர்ந்தே ஆக வேண்டும், இங்கே அப்படி இல்லையே. ஆகவே திருத்தம்: மலையில் இருப்பவனை 5, 6, 12 விழுந்தால் மட்டும் வெட்டலாம். 16-இல் 4 வழி. வெட்டவெளியில் நிற்பவனுக்கு 11 வழி. அம்மாயிக்கு இது பிடிக்கவில்லை. “மலையில இருக்கறவனை வெட்டறதா? எந்த ஊர் நாயம்?” டைட்டன் ஊர் நியாயம் என்றேன். “அப்ப அங்கயே போய் ஆடிக்கோ.”

ரெண்டு: என் கப்பல் இறங்கவே இல்லை. எட்டுச் சுற்றும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறு உருட்டுகளையும் சேர்த்தால் ஒரு முறையில் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. எட்டுச் சுற்றிலும் விழாமல் போவது கிட்டத்தட்ட நாலு ஆட்டத்தில் ஒன்று. எம்-சீலில் ஒரு வாரம் செதுக்கிய கப்பலுக்கு இது அநியாயம். அம்மாயி ஊரில் ஐந்துக்கும் காய் இறக்குவார்களாம். அப்படி வைத்தால் வாய்ப்பு ஏழில் இரண்டு, இறங்காமல் போவது பதினைந்து ஆட்டத்தில் ஒன்று. அதையே வைத்துக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

டைட்டனில் உயிர் இருக்கிறது. காபிச் சக்கையை ஒழுங்காகக் காய வைக்காததால் மணல்மேடு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. சுரண்டி எறிந்துவிட்டு, புதுச் சக்கையை மொட்டைமாடியில் மூன்று நாள் காயப் போட்டிருக்கிறேன். காக்கா கிளறுகிறது.

மே 18, ஞாயிறு

ஒரு சந்தேகம். பன்னிரண்டு அளவுக்கு மீறி விழுகிறது. கட்டைகளைத் தனித்தனியே 200 முறை உருட்டி எழுதினேன். முதல் கட்டை யோக்கியம். இரண்டாவதில் ஒவ்வொரு முகமும் 50 வர வேண்டும். வந்தது: வெறுமை 71, ஒன்று 43, இரண்டு 45, மூன்று 41. இது தற்செயலா, கட்டையின் கோணலா என்று பார்க்கும் கை-வர்க்கக் கணக்கு (chi-square) கிட்டத்தட்ட 12 காட்டுகிறது, 7.8-ஐத் தாண்டினாலே கட்டை மேல் சந்தேகம். அம்மாயி கல்யாணத்துக்கு வந்த கட்டை, ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. அறுபது வருசமாக இந்தக் கட்டையில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

மே 25, ஞாயிறு

ஷிஃப்ட் முடிந்தபின் போர்மேனிடம் கேட்டு, 10 மி.மீ. சதுரப் பித்தளைக் கம்பியில் ரெண்டு கட்டை வெட்டி, முனை மழித்து, புள்ளி குடைந்தேன். மூன்று புள்ளிப் பக்கம் லேசாகிவிடக் கூடாதென்று எல்லா முகத்திலும் ஒரே அளவு பித்தளை போகும்படி குழியின் ஆழத்தை மாற்றினேன். வெறுமைப் பக்கத்தில் மட்டும் மெல்ல ராவினேன். 400 உருட்டில் பன்னிரண்டு 27 முறை. வர வேண்டியது 25. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மாயி ஒரு தடவை உருட்டினார். திருப்பிக் கொடுத்தார். “சத்தமே இல்லையே இதுல.” பழைய கட்டை உள்ளே பொந்து, சலங்கை மாதிரி சிணுங்கும். என்னுடையது முழுப் பித்தளை, டொக் என்று விழுகிறது. அவர் கட்டை தேய்ந்தது, பன்னிரண்டு கூடுதலாக விழுகிறது என்று நோட்டைக் காட்டி விளக்கினேன். பையன் காயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: “ரெண்டு பேரும் அதே கட்டையைத்தான மாமா உருட்டறோம்?”

ஒரு வார வேலை வீண்.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். தேய்ந்த கட்டையில் தாயத்துக்கோ ஐந்துக்கோ கப்பல் இறங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 29. நல்ல கட்டையில் 28.6. கப்பலுக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது, சாயங்காலம் அக்கா வந்து பையனைக் கூட்டிப் போகிறாள். அதற்கு முன் கடைசி ஆட்டம், பழைய கட்டையில். அம்மாயியும் அவனும் ஒரு கட்சி. “அங்கயே போய் ஆடிக்கோ” என்றவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

ஐந்தாம் சுற்றில் என் கப்பல் இறங்கியது. மேடு மேல் நிறுத்தி, நாலு பேரையும் மலையில் ஏற்றி, ஜெயித்த மாதிரியே சாய்ந்து உட்கார்ந்தேன். அம்மாயி கட்டையை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். பன்னிரண்டு. அவரே வேண்டாமென்ற விதியைப் பையனிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“மலையில இருந்தாலும் பன்னெண்டுக்கு வெட்டலாம்னுதான எழுதிருக்கான்?”

“ஆமா அம்மாயி.”

நாலு பேரையும் ஒரே கையால் அள்ளி டப்பாவில் போட்டார். வெட்டினால் இன்னொரு ஆட்டம். கட்டையை மறுபடி எடுத்தார்.