கூப்பிடுவது கார்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் பக்கக் கைப்பிடியில் தண்ணீர் பட்டதும் 'டக்'கென்று லாக் திறந்தது. மடங்கியிருந்த சைடு மிரர் இரண்டும் விரிந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டக்'. மிரர்கள் மடங்கின. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "எதுக்குடா சும்மா சும்மா பூட்டித் திறக்கிற?" என்றார். நான் எங்கே திறந்தேன்! சாவியை வெளியே எடுக்காமலே, கைப்பிடியைத் தொட்டால் திறக்கும் 'கீலெஸ்' கார் இது; சாவி பக்கத்தில் இருந்தால் போதும். அந்தச் சாவி டிராக் பேன்ட் பாக்கெட்டில் கிடந்தது. அதுதான் வினை.

சாவிதான் ஓயாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி அனுப்பினால் உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? முதலில் கூப்பிடுவது கார். கைப்பிடியின் உள்பக்கம் விரல் பட்டால் அங்குள்ள சென்சார் கண்டுபிடித்துவிடும். போனின் டச் ஸ்கிரீன் வேலை செய்யும் அதே சங்கதி. உடனே கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஒரு குரல் கொடுக்கும். ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் அது எட்டாது. தூங்கிக்கொண்டிருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, கார் கேட்ட கேள்விக்கு ரகசியப் பதிலை 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். பதில் சரி என்றால் கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் லாக்கை விடுவிக்கும். கைப்பிடியை இழுத்து முடிப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடும்.

வழியும் தண்ணீரை என் காரின் சென்சார் கை என்று நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். மச்சான் காரில் கைப்பிடிமேல் கறுப்பு ரப்பர் பட்டன், அழுத்தினால்தான் திறக்கும். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

"சாவிக்குள்ள பேட்டரி செத்துட்டா?" என்றார் அப்பா. சாவிக்குள்ளிருந்து இரும்புச் சாவியை உருவி, கைப்பிடி ஓரத்து மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் துவாரத்தைக் காட்டினேன். மனுஷருக்கு அப்போதுதான் நிம்மதி.

எனக்குத்தான் வேறு கவலை. சாவி மாட்டும் ஆணி வாசற்கதவை ஒட்டி இருக்கிறது. திருடர்களில் ஒருவன் வீட்டுப் பக்கம், இன்னொருவன் கார்ப் பக்கம் நின்று, காரின் குரலைச் சாவிவரை கடத்திவிட்டால் போதும். ரகசியத்தை உடைக்கவே வேண்டாம். 2011இல் சூரிக் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

அதனால் சாவியை ஒரு தகர பிஸ்கட் டின்னில் போட்டு, இறுக்கி மூடி, டின்னைக் கையில் பிடித்துக்கொண்டே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா, "முறுக்கு டின்னை எங்கடா தூக்கிட்டுப் போன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.