5 ஓட்டு, 3 உயிர்

மார்ச் 3
ஐந்து சர்வர் (நோடு) சேர்ந்த கிளஸ்டரில் 4-ம் நோடும் 5-ம் நோடும் போய்விட்டன. நோடுக்கு ஒரு ஓட்டு. கிளஸ்டரை நடத்தும் மென்பொருளான புரோக்ஸ்மாக்ஸ் இன்னும் 5 ஓட்டு என்றே கணக்கு வைத்திருக்கிறது, செத்தவர் பெயரை நீக்காத வாக்காளர் பட்டியல் மாதிரி. கோரம், அதாவது கிளஸ்டர் இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டு, 3. உயிரோடு இருப்பதும் சரியாக 3. கெர்னல் அப்டேட்டுக்கு ஒன்றை ரீபூட் செய்தால் போதும்: கோரம் போகும், எல்லா நோடுக்கும் பொதுவான அமைப்புக் கோப்புறை ஈடிசி-பிவிஇ எழுத முடியாதபடி பூட்டிக்கொள்ளும், எச்.ஏ. (ஒரு நோடு விழுந்தால் அதன் வேலையை வேறு நோடில் எழுப்பும் வசதி) ஓடும் நோடுகளை வாட்ச்டாக் என்ற காவல் டைமர் சுமார் 60 நொடியில் ரீசெட் அடிக்கும். ஒன்றுக்காக மூன்றும் விழும்.

மார்ச் 4
யாரும் எதையும் ரீபூட் செய்யக் கூடாது.

மார்ச் 5
செத்த நோடைக் கிளஸ்டரிலிருந்து நீக்கும் கட்டளை 'பிவிஇசிஎம் டெல்நோட்' அடிக்க ஒரு வரிதான். அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. செத்த நோடுக்குப் போகும் ரெப்ளிகேஷன் (டிஸ்க் நகலெடுக்கும்) ஜாப்களை முதலில் எடுக்க வேண்டும். நோடு போனபின் அவற்றை நீக்குவது தொல்லை. எச்.ஏ. அமைப்புகளிலும் ஸ்டோரேஜ் பட்டியலிலும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஈடிசி-பிவிஇயில் நோடுகளுக்கான 'நோட்ஸ்' கோப்புறைக்குள் 5-ம் நோடின் க்யூஇஎம்யூ-சர்வர் அடைவில் இரண்டு கான்ஃப் (அமைப்பு) கோப்புகள். எச்.ஏ.வில் சேர்க்காத வி.எம்.கள் (மெய்நிகர் கணினிகள்), அதனால் தானாக நகரவில்லை. அவற்றின் டிஸ்க் எல்லா நோடும் எட்டும் பொதுச் சேமிப்பான என்.எஃப்.எஸ்.ஸில் இருக்கிறது, ஆகவே கோப்பை உயிருள்ள நோடின் அடைவுக்கு 'எம்வி' செய்தால் (நகர்த்தினால்) அங்கேயே ஸ்டார்ட் ஆகும். லோக்கல் டிஸ்க் என்றால் பேக்கப்தான் கதி. பார்க்காமல் 'ஆர்எம்' அடித்து அழிப்பவர்களை என்ன சொல்ல!

மார்ச் 5, இரவு
5-ம் நோடில் போனது பவர் சப்ளை மட்டும். டிஸ்க் நன்றாக இருக்கிறது. அதுதான் பயம். நீக்கியபின் யாராவது புது சப்ளை மாட்டி ஆன் செய்தால், பழைய கோரோசிங்க் (நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் சேவை) கான்ஃபிக்கோடு அதே நெட்வொர்க்கில் எழுந்து கிளஸ்டரைக் குழப்பும்.

மார்ச் 6
5-ம் நோடு நீக்கியாச்சு. 'நோடைக் கொல்ல முடியவில்லை, நாட் எக்ஸிஸ்ட்' என்று ஒரு எரர். பொருட்படுத்த வேண்டாம், அணைந்து கிடப்பதைக் கோரோசிங்க் எப்படிக் கொல்லும்? 'பிவிஇசிஎம் ஸ்டேட்டஸ்' 4 ஓட்டு காட்டுகிறது. கோரம் அப்போதும் 3. பாதி வேலையில் பலன் பூஜ்யம். 4-ம் நோடையும் எடுத்தபிறகுதான் 3 ஓட்டு, கோரம் 2.

இனி ரீபூட் செய்யலாம். ஒவ்வொன்றாக.

மார்ச் 7
நீக்கிய இரண்டு நோடுகளின் நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8
வெப் திரையில் இரண்டு பெயரும் சிவப்புக் குறியோடு நிற்கின்றன. டெல்நோட் அடைவை அழிப்பதில்லை, கையால்தான். எச்.ஏ. ஸ்டேட்டஸில் 'எல்ஆர்எம் (நோடில் ஓடும் எச்.ஏ. சேவை), டெட்' என்று பழைய நேரத்தோடு ஒரு வரி. விட்டுவைத்தால் பெரும்பாலும் தானே உதிரும். உதிராவிட்டால் எல்லா நோடிலும் எச்.ஏ.வின் முடிவெடுக்கும் சேவை பிவிஇ-எச்ஏ-சிஆர்எம் நிறுத்தி, மேனேஜர்-ஸ்டேட்டஸ் கோப்பை அழித்து, திரும்ப ஸ்டார்ட். நிறுத்திய நேரத்தில் ஃபெயில்ஓவர் (விழுந்த நோடின் வேலை வேறு நோடுக்கு மாறுவது) கிடையாது. பகலில் வேண்டாம்.

மார்ச் 10
புது மெஷின் வருகிறதாம். பழைய ஐ.பி.யே வேண்டுமாம். எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து உள்நுழையும் சேவை) பழைய மெஷினின் சாவிக் கைரேகையைக் காட்டி முறைக்கும்; சேர்த்தபின் புது மெஷினில் ஒருமுறை 'பிவிஇசிஎம் அப்டேட்செர்ட்ஸ்'. ஆனால் நோடு 4 ஆகிவிட்டால் கோரம் 3. க்யூடிவைஸ் (வெளியிலிருந்து ஒரு ஓட்டு மட்டும் தரும் சாதனம்) வைத்தால் 5 ஓட்டு. அதற்குப்பின் நோடு கூட்டவோ கழிக்கவோ க்யூடிவைஸை முதலில் எடுக்கணும். 5-ம் நோடு கேபிள் பிடுங்கினார்களா?