மழை ஊரில் கறிவேப்பிலை காயவைப்பது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காலை வெயிலை நம்பி முறத்தை வெளியே வைத்தால், மாலை மழையில் எல்லாம் வீண். வெயிலே வேண்டாம், அதில் இலை வெளுத்து வாசமும் போய்விடும்.

காலையில் பனி உலர்ந்தபின் முற்றிய கொத்துகளைப் பறியுங்கள். அலசி, துணியில் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உருவுங்கள். முறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காத்தாடிக்குக் கீழே வையுங்கள். தினமும் இருமுறை புரட்டுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் விரலில் நொறுங்கும். அடைமழை என்றால் ஓவன் அடுப்பில் 50 பாகை செல்சியஸில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து உலர்த்தலாம். சூடு கூடினால் பழுப்பாகும்.

நொறுங்கியதை உடனே இடிக்காதீர்கள். கண்ணாடிப் போத்தலில் முழு இலையாகப் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, பூசணம் நிச்சயம், மறுபடி காயட்டும். இந்தச் சோதனையை மட்டும் விடவே கூடாது.

முருங்கைக் கீரைக்கும் இதே முறைதான். புதினாவும் காயும், மணம் சற்றுக் குறையும். கொத்தமல்லித் தழையைக் காயவைத்தால் வைக்கோல்தான். நறுக்கி, கொஞ்சம் தண்ணீரோடு ஐஸ் தட்டில் உறையவையுங்கள். பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது ஆபத்து, நச்சுக் கிருமி வளரும்.

தாளிப்புக்கு காய்ந்த இலையை எண்ணெயில் கடைசியில் போடுங்கள், நொடியில் கருகிவிடும்.