அப்பாவின் கட்டைவிரல்

பரணைச் சுத்தம் செய்தபோது பதினொரு விஎச்எஸ் கேசட்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் அப்பாவின் கையெழுத்து. கேபிளில் பின்னிரவில் வந்த பழைய படங்களை உட்கார்ந்து பதிவு செய்தவர் அவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடிச் சில்லு வழியாக உள்ளே சுற்றியிருக்கும் நாடாவைப் பார்த்தேன். மூன்றின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் படிந்த மாதிரி இருந்தது. பூஞ்சை. உங்களிடம் பழைய கேசட் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததை ஆசையில் பிளேயரில் போட்டுவிட்டால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டையும் கெடுக்கும். அந்த மூன்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் ஒன்றை மட்டும் டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி ஓரிடத்தில் கொடுத்தேன். '12 ஆங்ரி மென்'. 1957ல் சிட்னி லூமெட் இயக்கியது, 96 நிமிடம்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று, தீர்ப்புச் சொல்ல வேண்டிய சாதாரணக் குடிமக்களான பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசுவார்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் படம். ஆனால் போகப் போக அந்த அறை சுருங்கும். லூமெட் கேமராவை முதலில் கண் மட்டத்துக்கு மேலே வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியிருக்கிறார். லென்சுகளின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போனார். பின்சுவர் ஆட்களின் முதுகில் வந்து ஒட்டிக்கொள்கிறது, மேற்கூரை தலைமேல் இறங்குகிறது. காரணம் தெரியாமலே நமக்கு வியர்க்கும்.

படம் முடிந்த கையோடு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். இது முதலில் டிவிக்கு எழுதப்பட்ட நாடகம் என்று அப்போதுதான் தெரிந்தது. ரெஜினால்ட் ரோஸ் எழுதியது. 1954 செப்டம்பரில் 'ஸ்டுடியோ ஒன்' என்ற தொடரில் நேரலையாக நடித்திருக்கிறார்கள். அப்போது வீடியோ டேப் கிடையாது. ஆம்பெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது 1956ல்தான். அதற்கு முன் ஒரு நேரலையைக் காப்பாற்றி வைக்கப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது: டிவி திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை நிறுத்தி, ஓட ஓடப் படம் பிடிப்பது. கினெஸ்கோப் என்பார்கள். ஓரங்கள் மங்கும், முகங்கள் வெளுக்கும், ஆனாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

இந்த நாடகத்துக்கு அதுவும் பாதிதான் மிஞ்சியிருந்தது. பல ஆண்டுகள் முதல் பாதி மட்டுமே கையில். வாக்குகள் மாறி மாறிக் கடைசியில் என்ன ஆனது என்பதை 1954ல் நடித்த மாதிரியே பார்க்க யாருக்கும் வழியில்லை. 2003ல் முழுப் பிரதி அகப்பட்டது. எங்கே தெரியுமா? டிவி நிறுவனத்தின் கிடங்கில் இல்லை. சாமுவேல் லீபோவிட்ஸ் என்ற, எப்போதோ காலமான நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த 1954 பிரதியையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். படத்தின் நேர்த்தி அதில் இல்லை, அந்த அறையும் நம்மை நெருக்கவில்லை. ஆனால் ஒரு முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பதாம் ஜூரியாக வரும் அந்த முதியவர், ஜோசப் ஸ்வீனி. மூன்று வருடம் கழித்து வந்த படத்திலும் அதே வேடத்தில் அவரேதான். பதினோராம் ஜூரி ஜார்ஜ் வோஸ்கோவெக்கும் அப்படியே. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நேரலையில் தவறினால் திரும்ப எடுக்க முடியாது என்ற படபடப்பு ஸ்வீனியின் குரலில் இருக்கிறது. படத்தில் அதே மனிதர் நிதானமாகப் பேசுகிறார். எனக்கு அந்தப் படபடப்புதான் பிடித்திருக்கிறது.

வீடியோ டேப் வந்த பிறகாவது எல்லாம் பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. டேப் விலை அதிகம், அதனால் ஒளிபரப்பான பிறகு அழித்துவிட்டு மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் அறுபதுகளின் பகுதிகள் பல அப்படித்தான் போயின. 2013ல் அவற்றில் ஒன்பது நைஜீரியாவிலிருந்து கிடைத்ததாக அறிவித்தார்கள். ஆனால் என்னை உலுக்கியது வேறு: காணாமல் போன பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் இன்றைக்கு இருக்கிறது. ஏன் என்றால் அந்த நாளில் சில வீடுகளில், டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். படம் போய்விட்டது, குரல்கள் மட்டும் தப்பின.

என் கேசட்டுக்கு வருகிறேன். கொடுத்த இடத்தில் 'சுத்தம்' செய்து தந்தார்கள். இரைச்சலை நீக்கி, முகங்களை மெழுகு போல வழவழப்பாக்கி, நடுவில் வந்த விளம்பரங்களையும் வெட்டி எறிந்திருந்தார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. பழைய படங்களை இப்படிப் பளபளப்பாக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. தோலின் சுருக்கம் போய்விடுகிறது, ஃபிலிமின் மணல்துகள் போய்விடுகிறது, நடிகர் நேற்று எடுத்த விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி ஆகிவிடுகிறார். கோடு கோடாக மழை பெய்தால் பெய்யட்டும். அது அந்தப் பிரதி கடந்து வந்த வழி. சண்டை போடாமல், பொறுமையாகக் கேட்டு, எதையும் தொடாத பதிவு ஒன்றை மறுபடி வாங்கினேன்.

அப்பா ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விளம்பரம் வந்ததும் பாஸ் அழுத்துவார், படம் தொடங்கியதும் விடுவார். கட்டைவிரல் எப்போதும் ஒரு நொடி பிந்தும். அதனால் ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு, ஒரு பாட்டின் முதல் எழுத்து, சட்டென்று மறுபடி அந்த வியர்வை அறை. முதல் மூன்று இடைவேளையும் இப்படித்தான்.

பிறகு அந்தக் காட்சி வருகிறது. காலை இழுத்து நடக்கும் கிழவர் பதினைந்து நொடியில் கதவருகே வந்துவிட்டேன் என்று சாட்சி சொல்லியிருப்பார். எட்டாம் ஜூரி ஹென்றி ஃபோண்டா அதே தூரத்தை நொண்டி நொண்டி நடந்து காட்டுவார். கடிகாரம் 41 நொடி காட்டும்.

அதற்கு அடுத்த இடைவேளையில் துணுக்கு இல்லை. விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழுசாக ஓடுகின்றன. கடைசி இடைவேளையிலும் அப்படியே. ரிமோட் அப்பாவின் கையில்தான் இருந்திருக்கும்.