சுங்கை சிப்புட்டிலிருந்து ஏர்ஷோவுக்கு: முதலில் டோன் முவாங், பிறகு மற்றது

வெளிநாட்டு ஏர்ஷோ (விமானச் சாகசக் காட்சி) என்றதும் எல்லாரும் விமான டிக்கெட் விலையைத்தான் தேடுகிறார்கள். காசு கரைவது அங்கே இல்லை. காட்சி நடக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் பக்கத்து விடுதிகள் ஏற்றிவிடும் வாடகையில் கரைகிறது. திடலுக்குப் போய்வரும் வண்டிச் செலவில் கரைகிறது. இவை இரண்டும் கட்டுக்குள் நிற்கிற ஊர், மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பேங்காக்தான்.

தாய்லாந்தில் ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை குழந்தைகள் தினம். நம் பொங்கலுக்கு முந்திய ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அன்று பேங்காக்கின் டோன் முவாங் விமானப்படைத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நுழைவு இலவசம். தரையில் நிறுத்திய விமானங்களைத் தொட்டுப் பார்க்கலாம், வானத்தில் போர் விமானங்கள் பறக்கும். பிள்ளைகளுக்கான நாள் என்பதால் வரிசையெல்லாம் குடும்பம் குடும்பமாக நீளும். விமானி இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் காலையிலேயே போய்விட வேண்டும்.

வியாழன், வெள்ளி, திங்கள் என மூன்று நாள் விடுப்பு போதும். வியாழன் காலை ஈடிஎஸ் மின்ரயில் ஏறி எல்லை ஊரான பாடாங் பெசார். எல்லா ஈடிஎஸ்ஸும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. நிற்காத நேரமென்றால் ஈப்போவுக்குப் போய் ஏறுங்கள். பாடாங் பெசார் நிலையத்துக்குள்ளேயே இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் இருக்கின்றன. அங்கிருந்து பேங்காக்குக்கு ஒரு நாளைக்கு ஒரே ரயில், மாலையில். தூங்கும் படுக்கைதான் அன்றைய விடுதி, ஓர் இரவு வாடகை மிச்சம். இறங்குவது குருங் தெப் அபிவாட் நிலையம். அங்கிருந்து சிவப்பு ரயில் பாதையில் டோன் முவாங். விடுதியையும் அந்தப் பக்கமே எடுங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது இதனால் கெடுதல் இல்லை, காத்திருக்க நேரிடும், அவ்வளவுதான். திரும்பும்போது கைப்பேசி தாய்லாந்து நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தால், பாடாங் பெசாரில் உங்கள் ஈடிஎஸ் கண்முன்னே போய்விடும்.

வெள்ளிக்கிழமையை அரச தாய்லாந்து விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். அதுவும் இலவசம்; திங்கட்கிழமை மூடல். உலகத்திலேயே மிஞ்சியிருக்கும் ஒரே போயிங் 100இ இங்கேதான் இருக்கிறது. இரட்டை இறக்கை வாட் கோர்சேர் வி-93எஸ் ஒன்றும் உண்டு. ஸ்பிட்ஃபயர், பேர்கேட் போர் விமானங்கள் என்று மீதியும் சாதாரணம் இல்லை. வரைபடத்தில் விமான நிலையத்தை ஒட்டியிருப்பதுபோல் தெரியும். நடந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பயணிகள் முனையம் மேற்கே, அருங்காட்சியகம் கிழக்கே பஹோன்யோதின் சாலையில், நடுவே இரண்டு ஓடுபாதைகள். (அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கோல்ஃப் திடல் வேறு!) பிடிஎஸ் வான்ரயிலின் சுக்கும்வித் பாதையில் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, அதில் இறங்குவதே சரி.

தாய்லாந்துக்கான மின்னியல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. சிங்கப்பூரின் வருகை அட்டைக்கும் இதே கதைதான். கடப்பிதழில் ஆறு மாதமாவது மீதம் இருக்கட்டும். புதுப்பிக்க 200 வெள்ளி (ரிங்கிட்), அதையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

சிங்கப்பூர் ஏர்ஷோ இரட்டைப்படை ஆண்டுகளில், பிப்ரவரியில், சாங்கி கண்காட்சி மையத்தில். வார நாட்கள் வணிகர்களுக்கு, வார இறுதிதான் நமக்கு. தைப்பூசம், சீனப் புத்தாண்டு இரண்டும் இதைச் சுற்றியே விழுவதால் தெற்கே போகும் பஸ் டிக்கெட்டுக்கு அடிதடி. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஏர்ஷோ 3 முதல் 8 வரை. சிங்கப்பூர் விடுதி வாடகைக்குப் பயந்து ஜோகூர் பாருவில் தங்குவது நல்ல யோசனைதான், ஆனால் வார இறுதிப் பாலத்து நெரிசல் காலைக் காட்சியை விழுங்கிவிடும். தெப்ராவ் ஷட்டில் ரயில் ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸில் இறக்கிவிடும். போக 5 வெள்ளி, திரும்ப 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்று, விலை வேறு. இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பறப்பதை மட்டும் பார்க்க டிக்கெட் வேண்டாம், சாங்கி கடற்கரைப் பூங்காவில் பாய் விரித்து உட்காரலாம். கிட்டே நின்று பார்க்க உள்ளேதான் போக வேண்டும்.

இங்கிலாந்து சேமித்துப் போக வேண்டிய இடம். ஜூலையில் ஃபேர்ஃபோர்ட் விமானப்படைத் தளத்தில் ரியாட் என்ற ஏர்ஷோ. பக்கத்து ரயில் நிலையம் ஸ்விண்டன். மேகம் தாழ்ந்தால் விமானிகள் செங்குத்துச் சாகசங்களை விட்டுவிட்டுத் தட்டையாகப் பறப்பார்கள், பாதிக் காட்சி போச்சு. அதனால் ஒரே ஏர்ஷோவை நம்பி அவ்வளவு தூரம் போகக் கூடாது. லண்டனில் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகம் இலவசம், நார்தர்ன் பாதையில் காலிண்டேல் நிலையம். மழை பெய்தாலும் அந்த நாள் வீணாகாது. கிளம்புமுன் ஈடிஏ என்ற மின்னியல் பயண அனுமதி எடுக்க மறக்காதீர்கள்.

மலிவு விமானத்தில் போகிறவர்களுக்குக் கைப்பை 7 கிலோதான். 150-600 லென்ஸ் ஒன்றே இரண்டு கிலோ தின்றுவிடும், கால்தாங்கியை வீட்டிலேயே விடுங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, 100 வரம்புக்குள் அடங்கும். படம் எடுக்கும்போது ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல். காற்றாடி விமானத்துக்கு 1/250க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் காற்றாடி நின்றுபோய், நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் படம் வரும்.