ஊதுபத்திப் புகையில் ஒரு விமானத் தளம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஹெச்.எம்.எஸ். ஃப்யூரியஸை வைத்து, அதன் முகப்புக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பினேன். முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது, இது நான் பால்சா மரத்தில் செய்த மாதிரி. 350-இல் ஒரு பங்கு அளவு, நீளம் 68 செ.மீ. மகள் ஊதுபத்தியைக் கொளுத்தி முகப்போரம் பிடித்துக்கொண்டாள். முன்தளத்தின் மேல் புகை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கப்பலை நடத்தும் மேடைக் கட்டடமான பிரிட்ஜில் மோதி இரண்டாகப் பிரிந்தது. புகைபோக்கியைத் தாண்டியதும் பின்தளத்தின் மேல் சுருண்டு விழுந்து, ஓரிடத்தில் முன்பக்கமாகவே திரும்பியது.

"அப்பா, புகை திரும்பி வருதுப்பா!"

"அங்கதான்மா 1918-ல ஏரோப்ளேனை இறக்கச் சொன்னாங்க."

நான் ஸ்பின்னிங் மில்களுக்கு டக்ட், அதாவது காற்றுக் குழாய், வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். காற்று போகும் வழியில் ஒரு தூண் நின்றால் அதன் பின்பக்கம் என்ன ஆகும் என்பது எனக்குக் கைப்பழக்கம். காற்று சுழன்று சோர்ந்துபோகும், பஞ்சுத்தூசி அங்கேதான் வந்து சேரும். ஃப்யூரியஸின் படத்தை முதலில் பார்த்தபோதே அந்தப் பின்தளம் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கப்பல் விமானத்துக்காகப் பிறந்ததல்ல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே இரண்டு 18 அங்குலப் பீரங்கிகளைச் சுமக்கத்தான் இதன் உடலைக் கட்டினார்கள். 1917-இல் வேலை முடியும் முன்பே முன்பீரங்கியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் விமானங்களை நிறுத்தும் ஹேங்கர் ஒன்றைக் கட்டி, அதன் கூரையையே விமானம் கிளம்பும் தளமாக்கினார்கள். பின்பீரங்கி அப்படியே இருந்தது. கிளம்பலாம், இறங்க வழியில்லை. வேலை முடிந்தால் விமானி கடலில்தான் இறங்க வேண்டும்.

எட்வின் டன்னிங் என்ற விமானிக்கு அது பொறுக்கவில்லை. ஆகஸ்ட் 2, 1917, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளம். கப்பல் 26 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் 21 நாட் எதிர்காற்றில் போகிறது. தளத்தின் மேல் மொத்தம் 47 நாட் காற்று. அவருடைய சாப்வித் பப் விமானம் அந்தக் காற்றில், கப்பலிலிருந்து பார்த்தால், ஏறக்குறைய நின்றுவிடும். கப்பலை ஒட்டியே பறந்து, பிரிட்ஜைத் தாண்டியதும் பக்கவாட்டில் சறுக்கி முன்தளத்துக்கு மேல் வந்தார். விமானத்தில் தொங்கிய வார்களைத் தளத்தில் நின்றவர்கள் கையால் பிடித்து இழுத்து இறக்கினார்கள். ஓடும் கப்பலில் ஒரு விமானம் இறங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. ஐந்தே நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் வலப்பக்கமாகத் தளத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை, வயது 25. என் மாதிரியில் அந்த பப் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 2.3 செ.மீ. அதை முன்தளத்தில் ஒட்டும்போது, பிரிட்ஜ் அதன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு பின்பீரங்கியையும் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 300 அடியில் இறங்குதளம் போட்டார்கள். ஆனால் பிரிட்ஜும் புகைபோக்கியும் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு பக்கமும் ஒடுக்கமான நடைபாதை, விமானத்தைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு போக. இறங்கும் விமானம் புகைபோக்கியில் மோதாமல் இருக்க ஒரு பெரிய சட்டத்தில் கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கயிறுகளை நான் தையல் நூலில் கட்டியிருக்கிறேன், கண் வலித்துவிட்டது. மூன்று இறக்கங்கள்தான் ஒழுங்காக நடந்தன. அத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். 1916 நவம்பரிலேயே ஆர்கஸ் என்ற இன்னொரு கப்பலின் மாதிரியை இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தளத்தின் மேல் கட்டடம் நின்றால் காற்று கலங்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஃப்யூரியஸின் நடுவை யாரும் தொடவில்லை. பழைய கப்பலை மாற்றுகிறவர்களுக்கு எதைப் புதிதாகப் போடுவது என்பது பெரிய கேள்வியே இல்லை. எதை வெட்ட மனசு வருகிறது என்பதுதான். ஜூலை 1918-இல் இதே கப்பலிலிருந்து ஏழு கேமல் விமானங்கள் கிளம்பி, ஜெர்மன் தளமான டோண்டர்னில் எல்-54, எல்-60 என்ற இரண்டு செப்பெலின் வான்கப்பல்களை எரித்தன. ஒன்றுகூடத் தளத்துக்குத் திரும்பி இறங்கவில்லை. சிலர் டென்மார்க்கில் இறங்கினார்கள், சிலர் கடலில்.

1925-இல் முடிந்த வேலையில்தான் நடுவை வழித்து எடுத்தார்கள். 576 அடி நீளம், 92 அடி அகலத்தில் மேலே தடையில்லாத தளம். அப்போது புகை எங்கே போவது? இங்கே என் தொழில் வந்துவிடுகிறது. கொதிகலன் புகையை ஹேங்கரின் இரு பக்கமும் படுக்கை டக்டில் கடைசிவரை கொண்டுபோய்ப் பின்முனையில் விட்டார்கள். காற்று சுத்தமானது, ஆனால் ஹேங்கரில் இடம் போனது, எடை கூடியது, பின்பகுதி முழுக்க வெந்தது. அவ்வளவு தூரம் சூடான டக்டை ஆள் வேலை செய்யும் இடத்தை ஒட்டி வரைய நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனாலும் அந்த வரைபடக்காரர்கள் மேல் எனக்கு மரியாதைதான், விமானி உயிரோடு இறங்க வேண்டும் என்பதை முதலில் வைத்தார்கள்.

நம்முடைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவும் இந்த வம்சம்தான். 1987-இல் சோவியத் கடற்படையில் சேர்ந்தபோது செங்குத்தாக எழும்பும் யாக்-38க்கான கப்பல் அது, முன்தளம் முழுக்க ஏவுகணைக் குழாய்கள். ரஷ்யாவின் செவரோட்வின்ஸ்கில் அவற்றைப் பிடுங்கிவிட்டு விமானம் கிளம்ப 14 டிகிரி ஏற்றம் கட்டினார்கள், இறங்கும் மிக்-29கே விமானத்தைப் பிடித்து நிறுத்தப் பின்னால் மூன்று வடங்கள் போட்டார்கள். வலப்பக்கத்துக் கட்டடம் மட்டும் தங்கிவிட்டது.

ஃப்யூரியஸுக்கும் 1939-இல் வலப்பக்கம் ஒரு சின்னக் கட்டடம் வந்தது. மகள் அதைத் தீப்பெட்டி அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஏன் வலப்பக்கம் என்று கேட்டாள். இறங்க முடியாமல் போனால் அந்தக் காலத்து விமானிகள் இடப்பக்கம் திரும்புவதுதான் வழக்கம், அந்தப் பக்கம் காலியாக இருக்கட்டும் என்று விட்டார்கள் என்றேன். ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் வைத்து ஊதுபத்தி பிடித்துப் பார்த்துவிடலாம் என்கிறாள். ஃபேன் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.